குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே

ஜனவரி 11

அன்பு மகளுக்கு,

நீ தீவில் இறங்கி ஒரு வாரமாவது ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு இதை எழுதுகிறேன். கடல் பயணத்தில் வயிறு படுத்தியதா? போர்வை போதுமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மேனேஜருக்கு மட்டும் இரண்டு நாள் மூக்கு ஒழுகியது. அந்த நிலையிலும் வேலை வாங்குவதில் குறைவில்லை. ஐந்து வயதுப் பேத்திக்கு அந்தப் பட்டப்பெயர் வைத்தவன் நான்தான், இப்போது அனுபவிக்கிறேன்.

நீ ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன பயிற்சிப் பட்டியலைக் கட்டம் போட்ட நோட்டில் படி எடுத்துக்கொண்டேன். அசல் கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் தொடங்குகிறோம். தொடைகளை விரித்துப் பிடிப்பது, முட்டியை மடக்காமல் உட்காரவைப்பது, சமையலறை மேடையைப் பிடித்து நிற்பது, கடைசியில், பிறவியிலேயே இறுகிப்போன வலது கணுக்கால். அதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உனக்கே தெரியும், அதற்குத்தான் கத்துகிறாள். ஒவ்வொரு தடவையும் முப்பது எண்ண வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எண்ணுவது அவள் பொறுப்பு. ஆறிலிருந்து எட்டுக்குத் தாவிவிடுகிறாள். "ஏழு எங்கேம்மா?" என்று கேட்டால், வார்த்தையை இழுத்து இழுத்து, "ஏழு லீவு தாத்தா" என்கிறாள்.

பிசியோ அம்மா அளந்து சொன்னது: பாதத்தை மேலே மடக்கினால் காலோடு செங்குத்துக்கு ஆறு டிகிரி குறைவு. செங்குத்து வந்தால்தான் குதிகால் தரையில் பதியும். ஜூலை கடைசியில் டாக்டர் பார்க்கும்போது அது வரவில்லையென்றால் குதிகால் நாணை வெட்டி நீட்டும் ஆபரேஷன். மறக்கவில்லை. என் பழைய கோணமானியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் அளந்து எழுதுவேன். பிசியோ அம்மா எனக்குக் காட்டிக்கொடுத்தது எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது, கவலைப்படாதே.

காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அப்பா

ஜனவரி 29

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் வந்த படகு இன்னும் துறையில்தான் நிற்கிறது. மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். வயிறு படுத்தியது, படகோட்டியின் சட்டையைக் கேளுங்கள்.

இந்த வானிலை நிலையத்தில் மொத்தம் மூன்று பேர். நிலைய அதிகாரி, மெக்கானிக் அண்ணன், நான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பம், ஈரம், காற்று, மேகம் எல்லாம் குறித்து ரேடியோவில் சொல்ல வேண்டும். அந்த ரேடியோவில் சொந்தக் கதை பேசக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அலுவலகம் வழியாகச் செய்தி வரும். மற்றபடி மூன்று வாரத்துக்கு ஒரு படகு, அதுவும் கடல் மனசு வைத்தால்.

முதல் வாரமே ஒரு கூத்து. வெப்பம் தினமும் இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டியது. வெப்பமானியை மாற்றினேன், அதுவும் அப்படியே. கடைசியில் பார்த்தால் யாரோ ஒரு தகரத் தகட்டை வெப்பமானிப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வெயிலில் தகடு காய்ந்து பெட்டியைச் சூடாக்கியிருக்கிறது. மெக்கானிக் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "நான்தாம்மா வச்சேன், மழை படக் கூடாதேன்னு" என்றார். நல்ல எண்ணம்தான்.

அப்பா, ஒரு விஷயம். ஆகஸ்ட் வரை இங்கே இருந்தால் நம் ஊர் அலுவலகத்தில் நிரந்தர இடம். பாதியில் வந்தால் பழையபடி இரண்டு வருடத்துக்கு ஓர் ஊர், அவளுக்கு ஒவ்வொரு ஊரிலும் புது டாக்டர். மார்ச் படகில் திரும்ப விரும்புகிறவர்கள் திரும்பலாம். ஆகஸ்ட் வரை இருப்பதாகக் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். நீங்கள் அளந்து எழுதும் எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

அவள் அப்பா ஏதாவது எழுதினாரா? எழுதமாட்டார். சும்மா கேட்டேன்.

மேனேஜருக்கு வலது குதிகாலில் ஒரு முத்தம்.

உங்கள் மகள்

பிப்ரவரி 14

அன்பு மகளுக்கு,

கடல் காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம். மாத்திரை நேரத்துக்குப் போடுகிறேன். போட்டவுடன் நோட்டில் குறிக்கிறேன்.

நல்ல செய்தி. ஜனவரி 18இல் ஐந்து டிகிரி குறைவு. 25இல் நான்கு. போன ஞாயிறு இரண்டு. முதலில் நம்பாமல் மூன்று முறை அளந்தேன். இரண்டுதான். இதைவிட நல்ல செய்தி, இப்போதெல்லாம் கணுக்கால் பயிற்சிக்கு அவள் கத்துவதே இல்லை. நேற்று நடுவில் கொட்டாவி விட்டாள். "தாத்தா, நீங்க செஞ்சா வலிக்கல. அம்மா செஞ்சா வலிக்கும்" என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தாள். உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

ஒரு சின்ன விஷயம். உள்ளங்காலின் குழிவு தட்டையாகி வருகிறது. பாதத்தின் மேற்பக்கம், நடுவில், குறுக்கே ஒரு மடிப்புக் கோடு விழுகிறது. கால் நெகிழ்ந்து கொடுப்பதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். சரிதானே? உனக்குத் தெரியும் என்பதால் கேட்கிறேன். மார்ச் படகில் ஒரு வரி எழுது.

முடிவை என்னை வைத்து எடுக்காதே. எண்ணை வைத்து எடு.

உன் அப்பா

மார்ச் 3

அன்புள்ள அப்பா,

இரண்டு டிகிரி! மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "உங்கப்பா நில அளவை ஆபீஸ்ல இருந்தவர்னு சொன்னியே, கால் டிகிரிகூடத் தப்பாது" என்றார். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? தரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள், கட்டிலில் வைத்துச் செய்யுங்கள். எனக்கு லேசாக இருமல், வேறொன்றுமில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆகஸ்ட் வரை இங்கேதான். மார்ச் படகு என் இடம் காலியாகத்தான் திரும்பும். போட்ட பிறகு கொஞ்ச நேரம் துறைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம்தான் அப்பா. ஆகஸ்டுக்குப் பிறகு நாம் மூவரும் ஒரே வீட்டில், ஒரே ஊரில், ஒரே டாக்டர்.

அவளுக்கு இங்கிருந்து ஒரு கடல் சிப்பி அனுப்பியிருக்கிறேன். வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை. எல்லாம் நன்றாக நடக்கிறது.

உங்கள் மகள்

மார்ச் 24

அன்பு மகளுக்கு,

இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீர் குடி. லேசான இருமல் என்று நீ எழுதினால் அது லேசாக இருக்காது என்று எனக்குத் தெரியும். இங்கே சுகம். சிப்பியை அவள் வாயில் போடவில்லை, என் காதில் வைத்து, "அம்மா பேசறாங்களா?" என்று தினமும் விசாரணை நடக்கிறது.

கையெழுத்துப் போட்டதைப் படித்து நிம்மதியாக இருந்தது. பயமாகவும் இருந்தது. என் எண்களை நம்பி ஒருவர் ஒரு காரியம் செய்தால் நான் மறுபடி ஒருமுறை அளந்து பார்ப்பேன். ஆபீசில்கூட அப்படித்தான்.

ஆனால் எண்கள் நன்றாகவே இருக்கின்றன. மார்ச் 15இல் செங்குத்து. போன ஞாயிறு செங்குத்தைத் தாண்டி நான்கு டிகிரி. மடிப்பைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எனவே அது ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 7இல் பிசியோ அம்மாவைப் பார்க்கப் போகிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது. நோட்டுக்குப் புது அட்டை போட்டேன். வரைபடத்தாளில் எண்களைப் புள்ளியிட்டுக் கோடும் இழுத்திருக்கிறேன். கொஞ்சம் அதிகப்படியோ?

உன் அப்பா

ஏப்ரல் 10

அன்பு மகளுக்கு,

இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் சுகம்.

பிசியோ அம்மாவைப் பார்த்தோம். பயிற்சியில் ஒரு சிறு மாற்றம் சொல்லியிருக்கிறார். அதன்படி செய்துவருகிறேன்.

குளியலறைக் கதவின் கீல் கிரீச்சிட்டது. எண்ணெய் விட்டேன். இப்போது சத்தமில்லை. சன்னல் வழியே பார்த்தால் எதிர்வீட்டுக்காரர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு நீல வர்ணம் அடிக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது.

மேனேஜர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அப்பா

மே 2

அன்புள்ள அப்பா,

உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா? ஏதாவதென்றால் மறைக்காதீர்கள். எனக்கு இருமல் நின்று மூன்று வாரமாகிறது.

உங்கள் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். எண் எங்கே அப்பா? எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிறம் இருக்கிறது. கீல் இருக்கிறது. எண் இல்லை. மூன்று மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினீர்கள். பிசியோ அம்மாவைப் பார்த்த கடிதத்தில் இல்லை. "சிறு மாற்றம்" என்றால் என்ன மாற்றம்? அவர் அளந்தாரா? எத்தனை சொன்னார்?

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே எனக்குச் செய்ய ஒன்றுமில்லாத நேரம் நிறைய இருக்கிறது. அந்த நேரமெல்லாம் ஒரே கேள்வி. அடுத்த கடிதத்தில் முதல் வரியில் எண்ணை எழுதுங்கள்.

உங்கள் மகள்

மே 19

அன்பு மகளுக்கு,

நீ சுகமாக இருப்பதை அறிந்து நிம்மதி. எனக்கும் ஒன்றுமில்லை, முதுகு மட்டும் காலையில் கொஞ்சம் பிடிக்கிறது.

முதல் வரியில் எழுதச் சொன்னாய். எழுதவில்லை. பிசியோ அம்மா அளக்கும் முறையும் என் முறையும் கொஞ்சம் வேறுபடுகின்றன. இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகு எழுதலாம் என்று இருக்கிறேன். அரைகுறை எண்ணை எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல் என்று தோன்றியது. இதுவும் சரியோ என்னவோ.

மேனேஜர் ஒரு படம் வரைந்தாள். கிரேயானை முஷ்டியில் பிடித்துக்கொண்டு முழுசாக ஒரு மணி நேரம். நானும் அவளும் நிற்கிறோம். "அம்மாவுக்கு அனுப்புங்க" என்றாள். அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். "இப்பவே கவர்ல போடுங்க. நான் பாக்கணும்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். போட்டிருக்கிறேன்.

உன் அப்பா

ஜூன் 8

அப்பா,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள். விசாரிப்பு முடிந்தது.

படத்தில் நீங்கள் உயரமாக, மூக்கில் கண்ணாடியோடு இருக்கிறீர்கள். அவள் பக்கத்தில் நிற்கிறாள். இடது கால் ஒரு கோடு. வலது கால் முட்டி வரை ஒரு வெள்ளைச் செங்கல். அதன் மேல் நட்சத்திரம்கூடப் போட்டிருக்கிறாள்.

மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். என் வாயால் சொல்லாமல், "இது என்னன்னு தெரியுதா அண்ணே?" என்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாவுக்கட்டு. பாப்பா கால ஒடச்சுக்கிட்டாளா?" என்றார்.

என் குழந்தையின் காலில் ஏன் மாவுக்கட்டு?

உடனே எழுதுங்கள். யோசித்து எழுதாதீர்கள். படி எடுக்காதீர்கள்.

ஜூன் 26

அன்பு மகளுக்கு,

உன் நலத்தைக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். படி எடுக்காமல் எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருக்கும்.

அவள் கால் உடையவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

ஏப்ரல் 7 அன்று நோட்டைப் பிசியோ அம்மாவிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, இது நோட்டா, அச்சடிச்ச புஸ்தகமா? வர்றவங்களுக்கெல்லாம் காட்டணும் ஐயா" என்றார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நிமிர்ந்தேன். பிறகு அவளைக் கம்பியைப் பிடித்து நிற்கவைத்தார். குனிந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மேசையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து அவள் வலது குதிகாலுக்குக் கீழே செருகி இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடியும் செருகினார். மறுபடியும் வந்துவிட்டது. இடது குதிகாலில் செருகியபோது அசையவில்லை.

"ஐயா, நீங்க எப்படிப் பிடிக்கறீங்க, காட்டுங்க."

விரல்களுக்குக் கீழே இருக்கும் மேட்டில் உள்ளங்கையை வைத்து முன்னால் தள்ளிக் காட்டினேன்.

"குதிகால யாரு பிடிப்பா?"

அவள் பாதத்திலிருந்து கையை எடுத்தேன்.

"குதிகாலக் கையில ஏந்தி, கீழ இழுத்து வச்சுக்கிட்டுதான் பாதத்தச் சாய்க்கணும். நீங்க முன்பாதத்த மட்டும் தள்ளியிருக்கீங்க. கணுக்கால் இருந்த எடத்துலயே இருக்கு. நடுப்பாதம்தான் வளைஞ்சு குடுத்திருக்கு. இந்த மடிப்பு தெரியுதா? இவ்வளவு நாளும் நீங்க அளந்தது இத."

குதிகாலைப் பிடித்து அவரே அளந்தார். அவள் கத்தினாள். ஜனவரிக்குப் பிறகு அந்தக் கத்தலை நான் கேட்டதில்லை. செங்குத்துக்குப் பதினொரு டிகிரி குறைவு. நீ போகும்போது ஆறு. நான் பதினொன்றாக்கியிருக்கிறேன்.

அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தபோது மேனேஜர் கம்பியைப் பிடித்தபடியே, "தாத்தாவத் திட்டாதீங்க. தாத்தா நல்லா எண்ணுவாரு" என்றாள்.

ஜனவரியில் அவர் எனக்கு இதையேதான் காட்டினார். பாதி புரிந்தது. இன்னொரு தரம் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். வெளியே மூன்று தாய்மார்கள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தது. "புரிஞ்சுதா ஐயா?" என்றார். "நல்லா புரிஞ்சுது" என்றேன். உனக்கும் அதையே எழுதினேன். வீட்டில் செய்யும்போது, குதிகாலை இழுத்தால் கத்தினாள், முன்பாதத்தைத் தள்ளினால் கத்தவில்லை. என் கை எது சுலபமோ அதைப் பழகிக்கொண்டது. எண் ஏறியது. ஏறுகிற எண்ணைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. முப்பத்தைந்து வருடம் கருவியை மட்டம் பார்க்காமல் ஓர் அளவு எடுத்ததில்லை நான்.

இறுகிய நாணை நீட்ட மே 12 முதல் ஆறு வாரம் மாவுக்கட்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டைப் பிரித்து, கணுக்காலைக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து, மறுபடி கட்டினார்கள். 23ஆம் தேதி கடைசிக் கட்டைப் பிரித்தார்கள். இப்போது ஐந்து டிகிரி குறைவு. அளந்தது பிசியோ அம்மா. இரவில் பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் போட்டுத் தூங்குகிறாள். பகலில் நான் குதிகாலைப் பிடித்துத்தான் செய்கிறேன். கத்துகிறாள். முப்பது எண்ணும்வரை விடுவதில்லை. காலையும் மாலையும் நிற்கவைத்துத் தாளைச் செருகிப் பார்க்கிறேன். இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஜூலை 29 டாக்டர் பார்க்கும் நாள்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஏப்ரல் 8 அன்று உன் அலுவலகத்துக்குப் போனேன், ரேடியோவில் செய்தி அனுப்ப. கவுண்டரில் இருந்தவர், "உயிருக்கு ஆபத்தா?" என்றார். "கணுக்கால்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். தெரிந்தால் நீ வேலையை உதறிவிட்டு வந்துவிடுவாய், எல்லாம் வீணாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி வெட்கம். எது பெரிய பாதி என்று அளக்க என்னிடம் கருவி இல்லை.

நீ என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

உன் அப்பா

ஜூலை 21

அன்புள்ள அப்பா,

படகு இருபத்துநான்கு நாள் தாமதம். கடல் விடவில்லை. நான் பதில் போடாமல் உங்களைத் தண்டிக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்திருப்பீர்கள் என்று தெரியும். சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பெட்டியைக் கட்டினேன். மெக்கானிக் அண்ணன் வாசலில் வந்து நின்று, "எங்க கிளம்பிட்ட? இன்னும் அஞ்சு வாரம்தானே இருக்கு?" என்றார். "எங்கப்பாவோட சண்டை போடணும்" என்றேன். "அதுக்கு இவ்வளவு துணி எதுக்கு?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. பிறகு உட்கார்ந்து அழுதேன். பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

உங்களோடு சண்டை போட முடியாது. காரணத்தை எழுதுகிறேன். நானும் படி எடுக்கவில்லை.

பிப்ரவரிக் கடிதத்தில் மடிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சரிதானே என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை நான்கு முறை படித்தேன். நீங்கள் வருவதற்கு முன் தினமும் அந்தக் காலைப் பிடித்தவள் நான். அவளுக்கு இரண்டு வயதிருக்கும்போது நானும் இதே தப்பைச் செய்தேன். அதே மடிப்பு. அப்போதிருந்த ஊரின் பிசியோ அம்மா என்னையும் நிற்கவைத்துத் திட்டினார். அந்த மடிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் அப்பா. பார்த்தவுடனே தெரியும்.

படகு மூன்று மணி நேரம் துறையில் நின்றது. ஒரு வரி போதும்: "குதிகாலைப் பிடியுங்கள்." எழுதவில்லை. எழுதினால் இரண்டு டிகிரி என்பது பொய்யாகிவிடும். அது பொய்யானால் நான் அதே படகில் ஏற வேண்டும். எனக்கு ஏற மனமில்லை. இரண்டு டிகிரி உண்மையாக இருக்க வேண்டும் போலிருந்தது. ஒருவேளை வேறு மடிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். உங்களுக்குச் சிப்பியைப் பற்றி எழுதினேன். நான் பதில் எழுதாததால் அது ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டதாக நீங்கள் எழுதிய கடிதத்தை மட்டும் இன்னும் என்னால் திருப்பிப் படிக்க முடியவில்லை.

உங்களுக்குத் தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்து சும்மா இருந்தேன்.

29ஆம் தேதி என்ன ஆனாலும் எண்ணை எழுதுங்கள். குறைவாக இருந்தாலும் எழுதுங்கள். ஆபரேஷன்தான் என்றாலும் எழுதுங்கள்.

உங்கள் மகள்

...ஸ்ட் 3

...ளுக்கு,

...றாயா? இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம்.

இந்தத் தாளின் மேல் மூலை கிழிந்திருப்பதைப் பார்த்துப் பதறாதே. படகிலோ தபாலிலோ நேர்ந்ததல்ல. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

உன் கடிதம் வராத நாட்களில், நீ இனி எழுதவே மாட்டாய் என்று முடிவு செய்து, அதற்கும் பழகிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். வந்ததும் ஒருமுறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கவில்லை. அதை நோட்டின் பின்னட்டையில் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி நான் என்ன எழுதினாலும் கூடுதலாகவோ குறைவாகவோ போய்விடும். நீ வந்த பிறகும் பேச வேண்டியதில்லை. பேசவேண்டும் போலிருந்தால் பேசு, கேட்டுக்கொள்கிறேன்.

29ஆம் தேதி. டாக்டர் முட்டியை மடக்கவிடாமல் ஒரு கையால் அழுத்தி, குதிகாலைப் பிடித்துச் சாய்த்தார். பிசியோ அம்மா அளந்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். மேனேஜர்தான், "எவ்ளோ? சொல்லுங்க, தாத்தா பயந்துக்கறாரு" என்றாள்.

செங்குத்து. கூடவும் இல்லை, குறைவும் இல்லை.

"இப்போதைக்குக் கத்தி வேண்டாம். ஆறு மாசம் பாப்போம். விட்டீங்கன்னா திரும்ப இறுகிடும்" என்றார் டாக்டர். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். நான் கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். "பிடிப்ப இன்னொரு தரம் காட்டுங்கம்மா" என்று பிசியோ அம்மாவிடம் கேட்டேன். "அதான் நல்லா செய்றீங்களே ஐயா" என்றார். "இருந்தாலும் காட்டுங்க" என்றேன். காட்டினார். பிறகு என்னைச் செய்யச் சொல்லிப் பார்த்தார். இரண்டு முறை.

ஆனால் அளவு என்பது படுக்கவைத்து எடுப்பது. நிற்கும்போது குதிகால் இறங்குகிறதா என்பது வேறு. வீட்டில் தாள் நேற்று வரை வந்துகொண்டுதான் இருந்தது. டாக்டர் சொன்னதைக்கூட நான் முழுதாக நம்பவில்லை என்பதால் உனக்கு எழுதாமல் நான்கு நாள் கடத்தினேன்.

இன்று மாலை ஐந்து மணிக்கு இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியிருந்தேன். தேதியும் உன் நல விசாரிப்பும் எழுதி முடித்திருந்தேன். மேனேஜர் மேடையைப் பிடித்துக்கொண்டு, "மணி அஞ்சாச்சு, இன்னும் என்ன எழுத்து?" என்று அதட்டினாள். கையில் இருந்த தாளோடு போய் அதையே அவள் வலது குதிகாலுக்குக் கீழே செருகினேன். மூலை மட்டும் உள்ளே போனது. முப்பது எண்ணினாள். ஏழு இன்னும் லீவில்தான் இருக்கிறது. எண்ணி முடித்ததும் இழுத்தேன்.

வரவில்லை.

கொஞ்சம் பலமாக இழுத்தேன்.

"என்ன தாத்தா இழுக்கறீங்க? நான் நிக்கறேன்ல!"

கிழிந்துவிட்டது.

இதை வேறு தாளில் படி எடுக்கப்போவதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்ட இடம்தான் கிழிந்திருக்கிறது. அந்தத் துண்டை அவள் தன் கிரேயான் பெட்டியில் போட்டு மூடிவிட்டாள். கேட்டால் தருவதில்லை. அம்மா படகிலிருந்து இறங்கி வந்து, ஒட்டிப் பார்த்துவிட்டு, பதில் சொல்ல வேண்டுமாம்.

உன் அப்பா